சும்மா எக்ஸ்ட்ரா!



போன வாரம் ஒரு மாலை. திருவானைக்காவல் சன்னதி வீதியில் பால் பாக்கெட் வாங்கப் போயிருந்தேன். கடை வாசலில் உங்கள் வயதுப் பையன்கள் நான்கு பேர், ஒரே செல்போனுக்குள் நான்கு தலைகளையும் நுழைத்துக்கொண்டு நின்றார்கள். என்னவென்று எட்டிப் பார்த்தேன். புரோ கபடி லீக்கில் ஆடும் நம் 'தமிழ் தலைவாஸ்' அணியின் வீரர் பட்டியல்! யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று பெரிய விவாதம். மேலே இருந்த நான்கைந்து பெயர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். கீழே இன்னும் பத்துப் பதினைந்து பெயர்கள் இருந்தன. அவர்களில் சின்னவன் கேட்டான்:

"இவங்கள்லாம் யாருண்ணா?"

"அவங்களா? சும்மா எக்ஸ்ட்ராடா!"

பாலைக் காய்ச்சிக் காபி குடித்து முடித்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு; பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் 'சும்மா எக்ஸ்ட்ரா'க்களைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போமா?

கபடியில் களத்தில் நிற்பவர்கள் 7 பேர். வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேர். ஆக மொத்தம் 12 பேர். இது உங்களுக்கே தெரியும். ஆனால் புரோ கபடி அணி ஒன்று 18 பேர் முதல் 25 பேர் வரை சேர்த்துக்கொள்கிறது. ஏழு பேர் ஆட எதற்கு இத்தனை பேர்? சம்பளம், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் வீண்தானே என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-ல் நடந்த 9-ஆவது சீசனில் ஒவ்வோர் அணியும் லீக் சுற்றில் மட்டும் 22 ஆட்டங்கள் ஆடியது. அதுவும் இரண்டு மாதச் சொச்சத்தில்! ஓர் ஆட்டம் 40 நிமிடம். ஒரு ரெய்டு 30 வினாடி. ஒவ்வொரு ரெய்டிலும் ஒருவர் காலை ஒருவர் பிடிக்கிறார், நான்கு பேர் மேலே விழுகிறார்கள். முழங்கால், கணுக்கால், தோள்பட்டை எல்லாம் இரும்பா என்ன?

இன்னொன்றும் உண்டு. இதைத்தான் பெரியவர்களும் கவனிப்பதில்லை. வெறுமனே ஆள் எண்ணிக்கை இருந்தால் போதாது. கபடியில் ஓரத்தில் நிற்பவரைக் கார்னர் என்கிறோம். பாடி வருபவரின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது அவர் வேலை. அவருக்கு உள்பக்கமாக நிற்பவர் கவர். திரும்பி ஓடுபவரை மறிப்பது, மோதி வெளியே தள்ளுவது அவர் வேலை. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் கை கோத்து நிற்பார்கள். ஒருவர் அரை அடி முன்னால் போனால் மற்றவருக்கு அது தெரிய வேண்டும். இடது கார்னரில் பழகியவரை வலது கார்னரில் நிறுத்தினால் திண்டாடிப்போவார். நன்றாகப் பாடத் தெரிந்த பத்துப் பேரை வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள், இடது கார்னர் காலைப் பிசகிக்கொண்டார் என்று வையுங்கள். அந்தப் பத்துப் பேரும் என்ன செய்வார்கள்? கை தட்டுவார்கள்!

அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் ஒவ்வோர் இடத்துக்கும் 'இவர் இல்லாவிட்டால் யார்?' என்று கேட்டு அணி சேர்க்கிறார்கள். பேர் பெற்றவர்களோடு இருபது வயதுப் பையன்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர் ஒருவரும் கூட இருந்தால் பையன்களுக்கு நல்லது. கல்லணைக்கு அப்பால் இருக்கும் திருச்சென்னம்பூண்டி ஊர்க்காரர் தர்மராஜ் சேரலாதன், 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! நம் ஊருக்கு இவ்வளவு பக்கத்து ஆள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, நம் தமிழ் தலைவாஸ் கதைக்கு வருவோம். 2017-ல் லீக்கில் நுழைந்த அணி இது. முதல் இரண்டு சீசன்களிலும் தன் பிரிவில் கடைசி இடம். 2019-ல் 'இந்த முறை விடக்கூடாது' என்று அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று நாடே அறிந்த வீரர்களை ஒரே அணியில் சேர்த்தார்கள். சுவரொட்டியில் பார்க்கவே பயமாக இருக்கும்! முடிவு? 12 அணிகளில் 12-ஆவது இடம். எனக்கே அழுகை வந்துவிட்டது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

பிறகு 2022. அந்த ஆண்டு ஏலத்தில் பவன் ஷெராவத் என்ற புகழ்பெற்ற ரெய்டரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கொடுக்காத தொகை. ஊரெல்லாம் அதே பேச்சு. அக்டோபர் 8-ஆம் தேதி, பெங்களூரில், குஜராத் அணியோடு முதல் ஆட்டம். ஆரம்பித்துச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும்; பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அந்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை.

'அவ்வளவுதான், இந்த வருடமும் போச்சு' என்றுதான் நானும் நினைத்தேன். தொடக்கத்தில் தோல்விகளும் வந்தன. பயிற்சியாளரும் மாறினார், அஷன் குமார் வந்து பொறுப்பேற்றார். யாரை வைத்து ஆடுவது? பட்டியலில் கீழே இருந்தவர்களை வைத்துத்தான்!

நரேந்தர் என்று ஒரு ஹரியானா இளைஞர். அதுதான் அவருக்கு முதல் சீசன். பவன் ஆட வேண்டிய பெரிய சுமையில் பாதிக்கு மேல் அவர் தோளில் விழுந்தது. அவர் எடுத்த ரெய்டு புள்ளிகள் எத்தனை தெரியுமா? 243! பின்னால் நின்று பிடித்த சாகர், சாஹில், மோஹித், அபிஷேக் எல்லோருமே இளைஞர்கள். சாகர்தான் பவனுக்குப் பதிலாகத் தலைவரானார். கடைசிக் கட்டத்தில் அவருக்கும் காயம். அப்போது அஜிங்க்யா பவார் தலைமை ஏற்றார். இப்படி ஒருவர் போக ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். தமிழ் தலைவாஸ் முதன்முறையாக வெளியேற்றச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. டிசம்பர் 13-ஆம் தேதி உ.பி. யோதாஸ் அணியோடு 36-36 என்று சமன்; பிறகு டை-பிரேக்கரில் 6-4 என்று வெற்றி! அரையிறுதியில் புனே அணியிடம் 37-39, இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அன்று தோற்றதற்கு நான் அழவில்லை. எழுந்து நின்று கை தட்டினேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

(பவன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நன்றாகத் தேறிவிட்டார். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வாங்கித் தந்தார்.)

கடல் தாண்டியும் ஒரு கதை உண்டு. ரக்பி என்ற விளையாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்து நீள்வட்டமாக, தேங்காய் போல இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம்; எதிரணியினர் கட்டிப்பிடித்துச் சாய்ப்பார்கள். நம் கபடிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இதில் எழுவர் ஆடும் வகை ஒன்று உண்டு. அதிலும் கபடி போலவே 7 பேர் உள்ளே, 5 பேர் வெளியே. 2025 ஜூன் மாதம் மும்பையில் முதன்முதலாக நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையை வென்றது சென்னை புல்ஸ் அணி. பெரிய ரக்பி 15 பேர் ஆடுவது. மோதல் அதிகம் என்பதால் வெளியே 8 பேர் தயாராக இருக்க வேண்டும்.

2011-ல் நியூசிலாந்தில் ரக்பி உலகக் கோப்பை நடந்தது. அந்த நாட்டு அணியில் உதைத்துப் புள்ளி எடுப்பதில் கெட்டிக்காரர் டான் கார்ட்டர். போட்டிக்கு நடுவில், பயிற்சியின்போதே அவருக்குத் தொடையிடுக்கில் காயம். அவர் இடத்துக்கு வந்த காலின் ஸ்லேடுக்குக் கால் இறுதியில் காயம். மூன்றாவதாக வந்தவர் ஆரன் குரூடன். நான்காவதாக ஓர் ஆள் வேண்டுமே! ஸ்டீபன் டொனால்டு என்பவரைத் தேடினார்கள். அவர் முதலில் எடுத்த 30 பேர் பட்டியலிலேயே இல்லை. முன்பு ஓர் ஆட்டத்தில் அவரால்தான் தோற்றோம் என்று ரசிகர்கள் திட்டித் தீர்த்திருந்தார்கள். அழைப்பு வந்தபோது மனிதர் எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? வைக்காட்டோ ஆற்றில் பொடி மீன் பிடித்துக்கொண்டிருந்தார்!

அக்டோபர் 23, இறுதி ஆட்டம். எதிரே பிரான்ஸ். முதல் பாதியிலேயே குரூடனுக்கும் முழங்காலில் அடி. மீன் பிடித்தவர் உள்ளே வந்தார். சட்டை உடம்போடு பிடித்துக்கொண்டு வயிறு தெரிந்ததாம். இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி. உதைத்தார், மூன்று புள்ளி. ஆட்டம் முடிந்தபோது நியூசிலாந்து 8, பிரான்ஸ் 7. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலகக் கோப்பை!

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தபோது அங்கே பி.டி. சார் கிடையாது. கபடி அணியை நான்தான் பார்த்துக்கொள்வேன். குறுவட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினேன். ஆனால் மாலை நேரப் பயிற்சியில் ஏழு பேரை மட்டும்தான் ஆட விடுவேன். மீதி ஐந்து பேர் தண்ணீர்க் குடம் தூக்குவார்கள், பைகளைப் பார்த்துக்கொள்வார்கள், சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். அவர்களில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். ஒரு நாள்கூட லீவு போட மாட்டான். "சார், இன்னிக்கு நான் இறங்கவா?" என்று கேட்பான். "நாளைக்குடா" என்பேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதில் எங்கள் இடது கார்னர் கணுக்காலைத் திருப்பிக்கொண்டான். அந்த ஏழாம் வகுப்புப் பையனை "ஓடு ஓடு" என்று உள்ளே தள்ளினேன். அவன் போய் நடுவில் நின்றான். எல்லோரும் கத்தினார்கள். இந்தப் பக்கம் நகர்ந்தான், அந்தப் பக்கம் நகர்ந்தான். கை கோக்க வந்தவன் கையை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. நான்கு புள்ளியில் தோற்றோம். திரும்பும்போது பஸ்ஸில் ஒருவரும் அவனோடு பேசவில்லை. இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னான்: "சார், எனக்கு எந்த இடம்னே தெரியாது சார்."

அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒரு மாலைக்குப் பத்து நிமிடம் அவனை அந்தக் கார்னரில் நிறுத்திப் பழக்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தவறு என்னுடையது. அதைப் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆகவே பள்ளி அணித் தலைவர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சி முடியும் முன் கடைசிப் பத்து நிமிடம் உங்கள் இடத்தை வெளியே உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுங்கள். நீங்கள் கோட்டருகே நின்று அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் இடம் பறிபோய்விடுமோ என்று பயம் வரும். வரட்டும், பரவாயில்லை. அந்தப் பயத்தில் நீங்களும் நன்றாக ஆடுவீர்கள்! வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் வெட்கப்படாமல் கேளுங்கள்: "சார், எனக்கு எந்த இடம்?" விடை கிடைக்கும்வரை கேளுங்கள். மாணவிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் ஆண், பெண் கபடி அணிகள் இரண்டுமே தங்கம் வென்றன. அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார், திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷும் இருந்தார். உங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர்கள்.

பெற்றோர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "மேட்ச்ல இறக்கவே மாட்டேங்கறாங்க, எதுக்கு அங்க போய் நேரத்தை வீணாக்கறே?" என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் நீங்களே மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளை பயிற்சி செய்கிறதா, பைக்குக் காவல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பைக்குக் காவல்தான் என்றால் ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். என்னிடம் அன்று யாராவது கேட்டிருக்கலாம்.

சரி, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் பள்ளியின் கபடி, கோ-கோ, வாலிபால் அணி எதுவானாலும் சரி; அதில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். அவர் பெயர் என்ன, எந்த இடத்தில் ஆட அவருக்கு ஆசை, கடைசியாக எப்போது களத்தில் இறங்கினார் என்று கேட்டு, ஒரு அஞ்சலட்டையில் எனக்கு எழுதி அனுப்புங்கள். அது நீங்களேதான் என்றால், உங்களைப் பற்றியே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா