கண்ணில் நோய், தொடையில் ஏன் சோதனை?

இமை தொங்கி, விழிகள் அசைய இயலாமல் வருபவரிடம் ‘பயாப்சி செய்து பார்க்கலாம்’ என்று கூறியதும், உடன் வந்தோர் முகம் வாடிவிடுவதை நாங்கள் காண்கிறோம். அச்சொல் பலருக்குப் புற்றுநோயை நினைவூட்டுகிறது. கண்ணில் கத்தி வைப்பார்களோ என்ற கலக்கமும் சேர்ந்துகொள்கிறது. அச்சத்தால் இச்சோதனையை மறுத்துவிடக் கூடாது. தேவையின்றி இதற்கு விரையவும் கூடாது என்பதே எங்கள் கருத்து.

எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. மாலையில் கூடி, ஓய்வில் குறையும் இமைத்தொய்வு மயஸ்தீனியா கிரேவிஸ் நோயாக இருக்கக்கூடும். அதனை இரத்தப் பரிசோதனையும் நரம்புப் பரிசோதனையும் பெரும்பாலும் காட்டிவிடும். தைராய்டு சார்ந்த கண்நோயை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் உணர்த்தும். இவற்றை முடிக்காமல் தசையை எடுப்பது முறையன்று.

ஆனால், இரு கண்களிலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் தளர்ச்சி வேறு வகையினது. உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக் குறைபாடு அதற்குக் காரணமாகலாம். அக்குறைபாடு இரத்தத்தில் புலப்படாமல், தசையில் மட்டும் தெரிவதுண்டு. பிற தசைகளிலும் அது காணப்படுவதால், கண்ணைத் தொடாமல் தொடையிலிருந்தோ தோளிலிருந்தோ சிறு துண்டு எடுக்கப்படுகிறது. சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கும்போது, ஓரம் கிழிந்தாற்போன்ற சிவந்த இழைகள் தென்படின் ஐயம் வலுப்பெறும். அதே துண்டில் மரபணுச் சோதனையும் செய்யலாம்.

‘முழுமையாகக் குணப்படுத்த மருந்தில்லாத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன பயன்?’ என்று கேட்போர் உண்டு. பயன் பெரிது. இவ்வகையைச் சேர்ந்த கியர்ன்ஸ்-சேயர் நோய் 20 வயதுக்குள் தொடங்கி, இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையையும் தாக்கக்கூடியது. உரிய காலத்தில் பேஸ்மேக்கர் பொருத்தினால் உயிரைக் காக்க இயலும். ஆகவே, ஐயம் எழுந்தவுடனேயே ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும், பயாப்சி முடிவுக்காக அதனைத் தள்ளிப்போடலாகாது. நோய் உறுதியானபின் இதயத்தைத் தொடர்ந்து கண்காணிக்கலாம். மயஸ்தீனியா எனக் கருதித் தரப்பட்ட ஸ்டீராய்டு மாத்திரைகள் தேவைதானா என்பதையும் மருத்துவர் மறுபரிசீலனை செய்யலாம்.

சில நாள் வலியும் சிறு தழும்பும் இருக்கும். சில வேளைகளில் தெளிவான விடை கிடைக்காமலும் போகலாம். இதனை முன்கூட்டியே சொல்வது எங்கள் கடமை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எளிய சோதனைகள் முடிந்தனவா? தசை எங்கிருந்து எடுக்கப்படும்? முடிவு வந்தால் சிகிச்சையில் என்ன மாறும்? விடை பெற்றபின் முடிவெடுங்கள்.