பிரையானைக் கிருமி எனலாமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

தொற்றுநோய் என்றதும் நம் நாவில் முதலில் வரும் சொல் கிருமி. காலராவுக்கும் கிருமி, மலேரியாவுக்கும் கிருமி, அம்மைக்கும் கிருமி. இவற்றைப் பாக்டீரியா, ஒட்டுண்ணி, வைரஸ் என வகுப்பில் பிரித்துப் படிக்கிறோம். ஆயினும் ஓர் உண்மை எல்லாவற்றுக்கும் பொது: தன்னைப் போல் மற்றொன்றைப் படைக்கும் குறிப்பை, டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. வடிவில், ஒவ்வொன்றும் தன்னுள்ளே சுமந்து திரிகிறது. மிகச் சிறிய வைரஸிடமும் அந்த ஏடு உண்டு.

பிரையானிடம் அது இல்லை. அது வெறும் புரதம். அதிலும் விந்தை என்னவென்றால், நம் நரம்புச் செல்கள் அன்றாடம் செய்யும் புரதமே மடிப்புப் பிசகிப் பிரையான் ஆகிறது. அமினோ அமிலங்களின் வரிசை மாறுவதில்லை. பிசகிய ஒன்று, ஒழுங்காக இருக்கும் அடுத்த புரதத்தைத் தொட்டுத் தன் வடிவுக்கு இழுக்கிறது. அது இன்னொன்றை இழுக்கிறது. நாளடைவில் மூளை பஞ்சு போல் துளை விழுகிறது. தன் புரதந்தானே என்று உடலும் வாளாவிருந்து விடுகிறது. எதிர்ப்பொருள் உண்டாவதில்லை.

ஸ்டான்லி புருசினர் 1982-ல் இதற்குப் பிரையான் என்று பெயர் சூட்டியபோது நம்பாதவர்களே மிகுதி. 1993-ல் அந்தப் புரதத்துக்குரிய ஜீன் நீக்கப்பட்ட எலிகளுக்கு ஆட்டின் ஸ்கிரேப்பி நோயைச் செலுத்திப் பார்த்தார்கள். எலிகளுக்கு நோய் வரவில்லை! 1997-ல் புருசினருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"தொற்றுகிறதே, பிறகென்ன? கிருமிதான்" என்பான் என் நண்பன். நான் ஒப்பமாட்டேன். மனிதரைத் தாக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு அது எங்கிருந்தும் தொற்றியதாகத் தெரியவில்லை, தானாகவே தோன்றுகிறது. சிலருக்குப் பரம்பரையாகவும் வருகிறது. வெளியிலிருந்து நுழையாமல் உடலுக்குள்ளேயே பிறக்கும் அம்மை உண்டா?

என் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் என்பார் அம்மா. காலராவைப் பொறுத்தவரை அவர் சொல்வது முற்றிலும் சரி. பிரையானோ கொதிநீருக்கு மசிவதில்லை. பார்மலினுக்கும் ஆல்கஹாலுக்கும் அப்படியே. சுவிட்சர்லாந்தில் ஒரு நோயாளியின் மூளையில் செருகிய மின்முனைகளை ஆல்கஹாலாலும் பார்மால்டிஹைடு ஆவியாலும் சுத்தம் செய்து, இளம் நோயாளிகள் இருவருக்குப் பயன்படுத்தினார்கள். இருவருக்கும் அதே நோய் வந்த செய்தி 1977-ல் வெளியாயிற்று. மற்றக் கிருமிகளுக்குப் போதுமான சுத்தம் இதற்குப் போதவில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்போருக்கு இந்த இருவரைத்தான் காட்டுவேன். நம்மில் சிலர் நாளை ஆய்வகங்களிலும் அறுவை அரங்குகளிலும் வேலைக்குப் போகப் போகிறோம். அங்கே இத்தகைய கருவிகளைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, அதன் பிறகும் உயர்வெப்ப நீராவியில் இட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் முறைகளுள் ஒன்று. வைரஸ் பாடத்தின் வாலில் நான்கு வரியாகப் பிரையானைப் படித்துவிட்டுப் போகிறவனுக்கு இது ஏன் என்று விளங்காது. அந்த நான்கு வரியை அங்கிருந்து எடுத்து, உயிர்வேதியியலில் புரதம் மடியும் பகுதிக்கு அடுத்து, இரண்டு பக்கமாக வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.