மிஸ் எண்டால் என்ன?

"மிஸ், மிஸ் எண்டா என்ன மிஸ்?"

ரியூசனில தரம் 7 பெடியன் ஒருத்தன் கேட்ட கேள்வி. வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சன். பதில் சொல்லத் தொடங்கின பிறகுதான் அது லேசான கேள்வி இல்லை எண்டு விளங்கினது.

அவன் என்னைக் கூப்பிடுகிற ‘மிஸ்’ஸும் பஸ்ஸைத் தவறவிடுகிற ‘மிஸ்’ஸும் ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்கள். முதலாவது ‘மிஸ்ட்ரஸ்’ என்பதன் சுருக்கம். மற்றது பழைய ஆங்கிலத்திலிருந்து வருகிற வினைச்சொல். குறி தவறுவது அதன் ஆரம்பப் பொருள்களில் ஒன்று.

இந்த இரண்டாவது மிஸ்தான் எங்கட வாயில படாதபாடு படுது. பஸ் மிஸ், கட்ச் மிஸ், மிஸ்ட் கோல். வெளிநாடு போன சிநேகிதிக்கு ‘மிஸ் யூ’. எங்கட அம்மம்மாவுக்கு இந்தச் சொல் தேவைப்படேல்ல. "நீ கம்பஸுக்குப் போனா எனக்குத் தேடும் பிள்ளை" எண்டுதான் சொல்லுவா.

இதுவரைக்கும் சிரிச்சுக்கொண்டே சொல்லிக்குடுக்கலாம். அடுத்தது ‘மிஸ்ஸிங்’. அங்கதான் நான் நிண்டன்.

சில வருசத்துக்கு முதல் எங்கட ஒழுங்கையில இருக்கிற அம்மா ஒராள் ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில எழுதித் தரச்சொல்லிக் கேட்டவ. மகன் 2009இலிருந்து ‘மிஸ்ஸிங்’ எண்டு எழுதினன். வாசிச்சுக் காட்டி, தமிழில என்ன அர்த்தம் எண்டும் சொன்னன்.

"அவன் காணாமல் போகேல்லப் பிள்ளை. நான்தான் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் ஒப்படைச்சனான். அதை எழுது."

இலக்கணப் புத்தகம் சொல்லித்தராததை அண்டைக்குப் படிச்சன். ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லில் செய்தவர் என்று ஒருவர் இல்லை. ஆடு மிஸ்ஸிங், திறப்பு மிஸ்ஸிங், மகன் மிஸ்ஸிங். எல்லாம் தானாகவே நடந்தது போல இருக்கும்.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் ‘மிஸ்ஸிங்’தான். தமிழில் ‘காணாமற்போன’. ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் குந்திய தாய்மார் சொன்னது ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று. ‘போன’வுக்கும் ‘ஆக்கப்பட்ட’வுக்கும் இடையில் ஒரு குற்றம் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. ‘டிஸ்அப்பியர்’ என்றால் மறைந்துபோவது. 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்டீனாவை ஆண்ட இராணுவ ஆட்சி ஆட்களைக் கடத்தி இல்லாமல் செய்தபோது, அந்த மக்களின் ஸ்பானியச் சொல் உலகமெங்கும் பரவியது. அதற்குப் பிறகு ஆங்கிலத்திலும் ஒருவரை ‘டிஸ்அப்பியர்’ செய்தார்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆட்கள் வற்புறுத்தினால் மொழி வளையும்.

‘மிஸ்ஸிங்’ அகலமான சொல், அதனால்தான் சட்டத்தில் வைத்தார்கள் என்று சிலர் சொல்லுவினம். அது நியாயம்தான். அந்தச் சட்டம் மோதலில் காணாமற்போன படையினரையும் சேர்த்தே பேசுகிறது. தேடத் தொடங்குவதற்கு முதலே யார் செய்தது என்று நிரூபிக்கச் சொல்லவும் கூடாது. தேடலுக்கு அகலமான சொல் உதவும். ஆனால் ஒப்படைத்த தாய் உயிரோடு இருந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவவின் வசனத்தை அந்த அகலமான சொல்லுக்குள் போட்டு மூடுவது வேறு வேலை. நானும் அதைத்தான் செய்யப் பார்த்தன், தெரியாமல்.

எங்கட தலைமுறைதான் இப்ப இந்தக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகுது. பட விளக்கம், முகநூல் பதிவு, விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை எல்லாம் நாங்கள்தான் எழுதுறம். சுகமான சொல் கைக்கு முதல் வரும். எழுத முதல் ஒருக்கா அந்த ஆளிட்டக் கேளுங்கோ, "நீங்கள் எப்பிடிச் சொல்லுவியள்?" எண்டு.

அந்தக் கடிதத்தைத் திருப்பி எழுதினன். ‘மிஸ்ஸிங்’ இருந்த இடத்தில ஒரு முழு வசனம் வந்தது. ஆர் கூட்டிக்கொண்டு போனது, எங்க, எந்த நாள், ஆரிட்டக் குடுத்தது.

பெடியனுக்கு அண்டைக்கு பஸ்ஸும் கட்சும் மட்டும்தான் சொன்னன். மிச்சத்தை அவன் ஓ.எல். வரேக்க சொல்லவேணும்.