மூட்டையோடு பொறுப்பும் சேர்ந்து வரட்டும்!



பூச்சிமருந்துச் சட்டம் என்றதும், அது விவசாயிக்கும் உரக்கடைக்கும் உள்ள விவகாரம், மளிகைக் கடைக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சட்டம் பிறந்ததற்குக் காரணமே நாம் விற்கிற சரக்குதான். 1958-ல் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கோதுமை மாவில் கலந்துவிட, அதை உண்டு கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் விளைவாகவே 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. உணவுப் பொருளோடு மருந்து படும்படி ஏற்றவோ, இருப்பு வைக்கவோ கூடாது என்று 1971-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

இன்று நம்மை நேரடியாகப் பிடிப்பது இன்னொரு சட்டம். அது 2006-ல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம். மருந்தின் எச்சம் அளவுக்கு மீறினால் அந்தப் பொருள் 'பாதுகாப்பற்ற உணவு' ஆகிவிடும். தனியாக அளவு குறிக்கப்படாத மருந்துக்குப் பெரும்பாலான பொருள்களில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. அதாவது 100 கிலோ சரக்கில் 1 மில்லிகிராம்! இதைக் கையில் அள்ளிப் பார்த்தோ, முகர்ந்து பார்த்தோ எந்த வியாபாரியால் கண்டுபிடிக்க முடியும்?

மக்கள் வயிற்றுக்குள் விஷம் போகக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம் பிள்ளைகளும் அதே பருப்பைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் மருந்தைப் பதிவு செய்து அனுமதிப்பது மத்திய அரசு. தெளிப்பது எங்கோ ஒரு வயலில். மாதிரி எடுக்க அதிகாரி வந்து நிற்பது நம் கடை வாசலில்.

2023 தொடக்கத்தில் தமிழக அரசு, தற்கொலைகளைத் தடுக்க வேண்டி, குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட 6 மருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. நோக்கம் நல்லதே. ஆனால் மாநில அரசுக்கு 1968 சட்டம் தருவது 60 நாள்தான். விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள். ஒரு போகம் நெல் விளையவே மூன்றரை மாதம் ஆகிறது! மேலும் நம் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆரம்பாக்கத்தையும் கடந்தால் ஆந்திராவின் தடா. இங்கே போட்ட தடை அங்கே செல்லாது. சரக்கு லாரிக்கோ எல்லை ஒரு பொருட்டில்லை. இப்படி இருந்தால் சட்டம் எப்படி நிலைத்து நிற்கும்?

எனவே அரசுக்கு நம் கோரிக்கைகள் மூன்று. ஆபத்தான மருந்து என்று தெரிந்தால், நாடு முழுவதற்கும் ஒரே தடையாக, நிரந்தரமாக இருக்க வேண்டும். எச்சப் பரிசோதனை கொள்முதல் சந்தையிலேயே நடக்க வேண்டும். குற்றம் கண்டால், சரக்கு வந்த வழியே பின்னோக்கிப் போய் விசாரிக்க வேண்டும்.

அதற்கு நம் கையில் பில் இருக்க வேண்டும். சரக்கை விற்றவர் தரும் பில்லையே உத்தரவாதமாக ஏற்கிறது 2006 சட்டம். துண்டுச் சீட்டில் சரக்கு வாங்கினால் யாரைக் காட்டுவோம்? மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் பில் இல்லாமல் ஒரு மூட்டையும் அனுப்பக் கூடாது. சில்லறை வணிகர்களாகிய நீங்களும் வாங்கக் கூடாது. அதிகாரி மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்கும்போது, ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.

சிப்காட் பக்கம் பத்துக்குப் பத்து அறையில் கடை நடத்துவோருக்கு இட நெருக்கடி இருப்பதை அறிவோம். ஆனாலும் எலி மருந்தையும் கரப்பான் மருந்தையும் அரிசி, மாவு உள்ள அலமாரியில் வைக்காதீர்கள். 1958 நமக்குச் சொல்லும் பாடம் அது. நம் கடையை நாம் ஒழுங்காக வைத்துக்கொண்டால்தான் அரசிடம் நிமிர்ந்து நின்று நியாயம் கேட்க முடியும்.