108: நிறுவனர் வீழ்ந்தார், வண்டிகள் நிற்கவில்லை

கேட்டியிலும் ஹூஸ்டனின் பிற புறநகர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடிப் பேசும்போது, “நம் ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுப்போமே” என்ற யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. நல்ல எண்ணந்தான். ஆயினும் ஊர்தி வாங்குவது எளிது. நள்ளிரவிலும் அதனை ஓடச் செய்வதே கடினம். எரிபொருள், ஓட்டுநர், பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர், அழைப்பை ஏற்று அருகிலுள்ள வண்டியை அனுப்பும் கட்டுப்பாட்டு அறை ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றை அரசே நடத்துவதா, தனியாரிடம் விடுவதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் 108 சேவை ஒரு விடை தருகிறது.

ஈ.எம்.ஆர்.ஐ. என்னும் அமைப்பை 2005இல் ஐதராபாத்தில் தொடங்கியவர், கணினித் துறையினர் அனைவரும் அறிந்த சத்யம் நிறுவனர் இராமலிங்க ராஜு. 2008 செப்டம்பரில் தமிழக அரசு அவ்வமைப்புடன் இணைந்து 108ஐத் தொடங்கிற்று. நான்கு மாதங்கள்கூட நிறைவுறவில்லை. 2009 ஜனவரி 7 அன்று, சத்யத்தின் கணக்குகளில் பொய் இருப்பதை ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். சத்யம் நிலைகுலைந்தது. ஆனால் 108 வண்டிகள் நிற்கவில்லை. நடத்தும் செலவின் பெரும்பகுதி அரசுக் கருவூலத்திலிருந்து வந்ததே அதற்குக் காரணம். அதே ஆண்டில் ஜி.வி.கே. குழுமம் அப்பொறுப்பை ஏற்றது. நடத்துபவர் மாறினார், எண் மாறவில்லை, நோயாளி கட்டணம் செலுத்தவும் வேண்டியிருக்கவில்லை.

இலங்கை இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அங்குள்ள 1990 ‘சுவசெரிய’ சேவை 2016 ஜூலையில் இந்திய அரசின் நிதியுதவியுடனும் இதே ஜி.வி.கே. ஈ.எம்.ஆர்.ஐ.யின் துணையுடனும் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிற்று. 2018 ஜூலையில் வடக்கிற்கு விரிந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே சுவசெரியவுக்கெனத் தனி அரசு அமைப்பு உருவாக்கப்பட்டது. தனியாரிடம் தொழிலைக் கற்றுக்கொண்டு, பொறுப்பைப் பொதுத்துறை ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்து உறவினரைக் கேட்டுப் பாருங்கள், அதன் அருமையைச் சொல்வார்கள்.

நாம் வாழும் நாட்டிலோ 911ஐ அழைத்தால் வண்டி வரும். பின்னாலேயே கட்டணச் சீட்டும் வரும். 2022இல் நடைமுறைக்கு வந்த எதிர்பாராக் கட்டணத் தடுப்புச் சட்டம் வான்வழி ஆம்புலன்சைச் சேர்த்துக்கொண்டு, தரைவழி ஆம்புலன்சை விட்டுவிட்டது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர், “ஆம்புலன்ஸ் வேண்டாம், நீயே காரில் கூட்டிப் போ” என்று சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். நெஞ்சுவலிக்காரர் விலையை எண்ணித் தயங்கும் நிலையைத் திறமையான நிர்வாகம் என்று என்னால் ஏற்க இயலாது.

108இலும் குறைகள் உண்டு. 12 மணி நேரப் பணி, ஊதியம் ஆகியவற்றுக்காக அதன் ஊழியர்கள் பலமுறை போராடியுள்ளனர். ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் அரசைக் காட்டுவதும், அரசு நிறுவனத்தைக் காட்டுவதும் இத்தகைய கூட்டுறவில் எளிதில் நேர்வன. வண்டி வந்த நேரமும் பணியாளர் ஊதியமும் மாவட்டவாரியாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினாலன்றி இது தீராது.

ஆகவே அடுத்த முறை நிதி திரட்ட அமரும்போது, வண்டியின் விலையோடு நில்லாமல், ஐந்தாம் ஆண்டில் ஓட்டுநருக்குச் சம்பளம் யார் தருவார் என்றும் கேளுங்கள். விடை இல்லையெனில், அப்பணத்தை ஊர் இளைஞர்களின் முதலுதவிப் பயிற்சிக்கு அளிக்கலாம். இளையோருக்கு ஒரு பணி: தாத்தா பாட்டியின் வீட்டு முகவரியையும் அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, 108 என்ற எண்ணுடன் அவர்கள் தொலைபேசியருகே ஒட்டச் சொல்லுங்கள்.