தாவர உலகம்: பெயர் ஒன்று, மரம் வேறு

மும்பைக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ் அன்னை ஒருவர், பூசைக்குச் செண்பகம் வேண்டிப் பூக்கடைக்குச் சென்று 'சாஃபா' என்று மட்டும் கேட்டால் என்ன கிடைக்கும்? செண்பகமும் கிடைக்கலாம், ஈழத்தலரியும் கிடைக்கலாம். மராத்தியர் செண்பகத்தைச் 'சோன்சாஃபா' என்பர். ஈழத்தலரியைப் 'பாண்டரா சாஃபா' என்பர். நம் மனோரஞ்சிதத்தை 'ஹிர்வா சாஃபா' என்பர். மூன்றும் நறுமணம் உடையவை; எனினும் மூன்றும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. இறைவனுக்குச் சாத்தும் வரையில் இம்மயக்கத்தால் கேடொன்றும் இல்லை. மருந்தென உண்ணப் புகும்போதுதான் ஆபத்து நேர்கிறது. அது ஏன் என்பதை இத்திங்கள் காண்போம்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் சண்பகமும் ஒன்று. லின்னேயஸ் 1753-இல் அதனை 'மைக்கேலியா' என்னும் பேரினத்தில் வைத்தார். இக்காலத் தாவரவியலாரோ அதனை 'மக்னோலியா'ப் பேரினத்தோடு சேர்த்துவிட்டனர். பிரான்சு நாட்டுத் தாவர அறிஞர் பியர் மக்னோலின் நினைவாக 1703-இல் இடப்பெற்ற பெயர் இது. இக்குடும்பத்தின் கல்லுருக்கள் ஒன்பது கோடி ஆண்டுகட்கும் முற்பட்டவை. பூக்கும் தாவரங்களுள் மிகத் தொன்மையான குலங்களுள் இதுவும் ஒன்று. தேனீக்களைக் காட்டிலும் வண்டுகளையே பெரிதும் நம்பி இம்மலர்கள் கருவுறுகின்றன.

மரத்திற்கு ஓடி ஒளியக் கால்கள் இல்லை. புழுவும் பூஞ்சையும் தாக்கும்போது, நின்ற இடத்திலேயே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கென அது சமைத்துக்கொள்ளும் படைக்கலங்களுள் தலையாயவை ஆல்கலாய்டுகள். இவை நைட்ரஜன் கலந்தவை. பெரும்பாலும் கைப்புச் சுவையுடையவை. சிற்றளவிலேயே உயிருடலை ஆட்டிவைக்க வல்லவை. செண்பகத்தில் லிரியோடெனின் என்னும் ஆல்கலாய்டு உண்டு. அது பூஞ்சையை ஒடுக்கும். மக்னோலியா இனங்களிற் காணும் மற்றொன்று மக்னோஃப்ளோரின். இவ்விரண்டும் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை மூலமாகக் கொண்டு உருவாகுபவை. அபினியிலுள்ள மார்பினுக்கும் அதுவே மூலம்.

ஆல்கலாய்டு அல்லாத பொருள்களும் பல. சீன மருத்துவர் பயன்படுத்தும் மக்னோலியாப் பட்டையில் மக்னோலால், ஹோனோக்கியால் என்பவை உள்ளன. செண்பக வேர்ப்பட்டையில் இருப்பது பார்த்தெனோலைடு. இதன் அணு அமைப்பைத் திருத்தமாக வரையறுத்தவர்களுள் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பணியாற்றிப் பின் மும்பையில் ஆய்வு நடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரி. 1965-இல் வெளிவந்த அவ்வாய்வு, நம்மைப் போலவே ஊர்விட்டு வந்த ஒரு தமிழரின் உழைப்பு என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு.

இனி, பெயர் மயக்கம் விளைத்த கேட்டினைக் கேளுங்கள். 1990-ஆம் ஆண்டு தொடங்கி, பெல்ஜியத்தின் பிரஸல்ஸ் நகரில் உடல் மெலிய விரும்பிய மகளிர் பலருக்கு மூலிகை கலந்த மாத்திரைகள் தரப்பட்டன. மக்னோலியாப் பட்டையும் ஸ்டெஃபானியா என்னும் கொடியின் வேரும் அவற்றில் உள்ளன என்றே கருதப்பட்டது. சிறிது காலத்தில் அவர்களுட் பலருடைய சிறுநீரகங்கள் பழுதாயின. 1993-இல் இச்செய்தி மருத்துவ உலகிற்கு வெளியாயிற்று. பாதிக்கப்பட்டோர் தொகை நூற்றுக்கு மேல். பின்னர்ச் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயும் கண்டது.

குற்றம் மக்னோலியாவின் மேலதன்று. சீனத்தில் 'ஃபாங்ஜி' என்னும் பெயர் ஸ்டெஃபானியாவுக்கும் உண்டு. அரிஸ்டலோக்கியா என்னும் வேறொரு செடிக்கும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது புகுந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டலோக்கிக் அமிலமே சிறுநீரகத்தைக் கெடுத்தது.

இது எங்கோ நடந்தது என்று நாம் இருந்துவிடலாகாது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் அறியப்பட்ட ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டலோக்கியாப் பேரினத்தைச் சேர்ந்தது. அதே அமிலம் அதிலும் உண்டு.

பாட்டி சொன்ன கைம்மருந்தைப் பழிப்பது நம் கருத்தன்று. அவர் கொல்லையில் நின்ற மரத்தைக் கண்ணால் கண்டு, கையால் பறித்தவர். நாமோ பிற மொழி வழங்கும் ஊரில், உலர்ந்த பட்டையையும் பொடியையும் பெயரை மட்டும் நம்பி வாங்குகிறோம். பொடியில் இலையும் இல்லை, மலரும் இல்லை. அடையாளம் காண்பது எங்ஙனம்? ஆதலின் தாவரவியற் பெயரும் எப்பகுதி என்பதும் குறிக்கப்பெறாத மூலிகையை உட்கொள்ள வேண்டா. உட்கொள்வதாயின், தேர்ந்த மருத்துவரிடம் காட்டிய பின்னரே உட்கொள்ளுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றிற்கு மருந்து உண்போர், அதனையும் அவரிடம் மறவாமல் கூறுதல் வேண்டும்.

செண்பகத்தைக் கூந்தலிற் சூடுங்கள்; அதன் மணத்திற்கு மருத்துவர் சீட்டு வேண்டுவதில்லை.