எக்கோ தேதி வரும்வரை

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

தாலுகா ஊர் ஒன்றில் தையற்கடை வைத்திருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு நெடுநாளாக மாத்திரை சாப்பிடுகிறேன். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதற்குப் பிறகு அந்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டே குறைக்கு வருகிறேன்.

கால் வீங்கி, மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போனபோது ஓ.பி. சீட்டில் டாக்டர் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் சி.சி.எஃப். என்று எழுதினார். இதயத்தின் பம்பு வேலை தளர்ந்து உடம்பில் நீர் தேங்குவதாம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம், எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார். எக்கோ மெஷின் இருப்பது மாவட்டத் தலைநகரில். கிடைத்த தேதி அடுத்த மாதக் கடைசி. அதுவரை உள்ள நாட்களைப் பற்றித்தான் இந்த மடல்.

கால் வீங்கியபோது தையல் மிஷின் மிதித்து மிதித்து வந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மெட்டி இறுகிவிட்டது, சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது. ஒரு தலையணை இரண்டாகி, இப்போது சுவரில் சாய்ந்துதான் தூக்கம். பக்கத்து வீட்டு அக்கா வாயு என்கிறார், தண்ணீரில் போட்டால் பொங்குகிற பொடியைக் கலக்கிக் கொடுக்கிறார். அதில் இருப்பதும் சோடியம்தான், உடம்பில் நீரைப் பிடித்து வைக்கிற அதே சோடியம். மகன் போனில் தேடிவிட்டு "அஞ்சு வருஷத்துல பாதிப் பேரு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எல்லா வயதையும் எல்லா நிலையையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கிய கணக்கு அது என்று அவனுக்கு யார் சொல்வது? பம்பு பலம் குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதில் ஒன்றான டாபாகிளிஃப்ளோசின் முதலில் சர்க்கரைக்கு வந்த மாத்திரை. இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிவிட்டது. இந்த நாலு வார்த்தை அன்றைக்கே காதில் விழுந்திருந்தால் வீட்டில் அத்தனை பேரும் தூக்கம் கெட்டிருக்க மாட்டோம். டாக்டரைக் குறை சொல்லவில்லை. என் பின்னால் வரிசை கதவைத் தாண்டி நின்றது.

இங்கிலாந்தில் இந்தச் சந்தேகம் வந்தால் முதலில் என்டி-புரோ-பிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அவர்களுடைய வழிகாட்டி நெறி. லிட்டருக்கு 2000 நானோகிராமுக்கு மேல் போனால் 2 வாரத்துக்குள் நிபுணரும் எக்கோவும். 400 முதல் 2000 வரை என்றால் 6 வாரம். 400க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இது இல்லை, வேறு காரணம் தேடு என்கிறார்கள். அங்கே எல்லாம் சொன்னபடி நடக்கிறது என்று நான் சாதிக்க வரவில்லை. யார் முன்னால், யார் பின்னால் என்பதற்கு ஒரு கணக்காவது இருக்கிறது. எங்கள் ஊர் மருத்துவமனையில் அந்தப் பரிசோதனை கிடையாது. வெளியே லேபில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். தாலுகா மருத்துவமனைகளுக்கு அதைக் கொடுங்கள். எக்கோ தேதியை வந்த வரிசைப்படி போடாமல் அந்த அளவைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்களிடம் இன்னும் இரண்டு கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள்: எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், காலை அழுத்தினால் குழி விழுகிறதா? ரத்த அழுத்தக்காரர்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது, அவர்கள் பெயரெல்லாம் ஏற்கெனவே உங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

இன்னொன்று. முட்டிவலி இல்லாத பெண் எங்கள் தெருவில் இல்லை. மெடிக்கலில் கேட்டால் சீட்டில்லாமலே டைக்ளோஃபெனாக் கிழித்துக் கொடுக்கிறார்கள். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குகிற மாத்திரை அது. இதயம் தளர்ந்தவர் சாப்பிட்டால் மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம். இதை எந்தப் போர்டிலும் நான் பார்த்ததில்லை. காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் 108ஐக் கூப்பிட வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாட்டை ஒதுக்க வேண்டும் என்பதையெல்லாம் மகனுடைய நண்பன், மருந்தாளுநர் படிப்பு படிக்கிற பையன், சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு பையன் இல்லாத வீடுகள் என்ன செய்யும்?

ரத்தப் பரிசோதனைக்கு நிதித்துறையைக் கேட்க வேண்டியிருக்கும், நாளாகும், புரிகிறது. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. எடை, உப்பு, வலி மாத்திரை, 108 பற்றி மேலே சொன்னதைப் பெரிய எழுத்தில் அங்கே அச்சடிக்க அடுத்த வாரமே உத்தரவு போடலாம்.

இப்படிக்கு,
எக்கோவுக்குக் காத்திருக்கும் தையற்காரி